கால்வாய் வெட்டிய பெண்கள்

தென் பிரான்சின் மிடி கால்வாயில் சிறு படகொன்றில் பயணம் செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. 240 கிலோமீற்றர் நீளமான இக்கால்வாய் 1666 முதல் 1681 வரை வெட்டப்பட்டது. பெசியே நகரருகே நீர்த்தொட்டிகள் படிக்கட்டுப் போல் அமைந்துள்ளன. படகு ஒரு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடி, மேலிருந்து நீரை விடுகிறார்கள். நீர் ஏற ஏறப் படகும் ஏறுகிறது. பின் அடுத்த தொட்டி.

சகோதரிகளே, இங்கே பெண்களும் கூலிவேலை செய்தார்கள். மலைக் கிராமப் பெண்களின் நீர் அறிவும் இதில் கலந்திருக்கிறது என்று சமூகவியலாளர் சந்திரா முகர்ஜி 2009இல் வெளியான தமது நூலில் எழுதினார். கால்வாயை அமைத்த ரிக்கே மழை நாளுக்கும் நோய் நாளுக்கும்கூடக் கூலி கொடுத்தாராம். குளத்து வேலைக்குப் போய், மழையென்றால் வெறுங்கையோடு திரும்பும் எங்கள் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

ரிக்கேக்கு பெசியேயில் சிலை நிற்கிறது. அந்தப் பெண்களின் பெயர்களை நான் எங்கும் காணவில்லை.