மேப்பை 100 சதவீதம் முடிச்சே ஆகணுமா?

2017-ல வந்த 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேம்ல 15 டவர்லயும் ஏறிட்டா மேப் முழுசா திறந்துடும். ஆனா 100 சதவீதம் ஆகாது. மலையுச்சி, மரத்தடி, பாறைக்கு அடியிலன்னு 900 கொரோக் விதைகள் ஒளிஞ்சிருக்கு. அதையும் எடுக்கணும்.

ஆயுதம், வில், கேடயம் வைக்கிற இடத்தை முழுசா பெருசாக்க 441 விதை போதும். பாதிக்கும் கம்மி! அப்போ மீதி 459 எதுக்கு?

நீங்க எந்தப் பக்கம் போவீங்கன்னு கேம் டிசைனருக்குத் தெரியாது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் வழியில ஏதாவது கிடைக்கணும்னா, தேவைக்கு மேலயே தூவி வைக்கணும். சர்வர்ல கூடுதல் கெப்பாசிட்டி வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே லாஜிக்.

இன்னொரு விஷயம், கடைசி வில்லன் கேனனைத் தோற்கடிச்ச பிறகுதான் அந்தச் சதவீதமே மேப்ல தெரியும். 900-மும் சேர்த்தா பரிசு? தங்க நிறத்துல, மலம் மாதிரி சுருண்டிருக்கிற ஒரு பொருள். கூடவே ஹெஸ்டுவோட டான்ஸ். அவ்ளோதான்!

தற்செயலா கண்ணுல படட்டும்னு வச்சதை, கைடு பார்த்து டிக் அடிச்சா அது டாஸ்க் லிஸ்ட் ஆயிடும். டிக்கெட் க்ளோஸ் பண்ற வேலைதான் ஆபீஸ்லயே இருக்கே. சனி ஞாயிறாவது சும்மா சுத்துங்க.