பீதித் தாக்குதலுக்குப் பின் நீடிக்கும் உடல் அறிகுறிகள்

வெளியில் ஆபத்து எதுவும் இல்லாத நேரத்திலும் உடல் திடீரென்று முழு அபாய நிலைக்குப் போய்விடுவதைப் பீதித் தாக்குதல் என்பர். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். இதோ செத்துவிடப் போகிறோம் என்ற எண்ணமும் கூடவே எழும். பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் இது உச்சத்தை எட்டி, அரை மணி நேர அளவில் தணிந்துவிடும்.

ஆனால் மருத்துவரிடம் வருபவர்களில் பலருக்கு அந்த அரை மணி நேரம் மட்டும் குறை அல்ல. "அன்னைக்கு வந்தது போயிடுச்சு, உடம்பு மட்டும் இன்னும் பழையபடி ஆகல" என்பார்கள். மறுநாள் மார்பைத் தொட்டாலே வலிக்கும். காலில் வலு இருக்காது. நாள் முழுவதும் பெருமூச்சு வந்துகொண்டே இருக்கும், ஆனாலும் மூச்சு நிறையாது. வயிறு கலங்கும், இரவில் இதயத் துடிப்பு காதில் கேட்கும். எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எல்லாம் சரியாக இருந்தும் உடம்பு ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்காது.

கள்ளக்குறிச்சியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. 2024 ஜூன் மாதம் நகரின் கருணாபுரம் பகுதியிலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெண்களும் அவர்களில் உண்டு. காலையில் வயிற்றுவலி என்று படுத்தவர் மாலையில் இல்லை என்பதைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவர்கள் வாழும் ஊர் இது. அங்கே ஒருவருக்கு மூச்சு முட்டினாலோ கண் மங்கினாலோ வீடே கலங்குவதில் வியப்பில்லை. எனவே இங்கு இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது: பொறுத்திருந்தால் தணியும் அறிகுறி எது, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாத அறிகுறி எது.

ஏன் நீடிக்கிறது

அச்சம் எழுந்தவுடன் சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. அது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைத் தொடர்ந்து சுரக்கும் கார்ட்டிசால் குறைய மணிக்கணக்கில் ஆகும். தாக்குதல் முடிந்த பின்னும் உடல் சூடு தணியாத அடுப்பு போல இருப்பதற்கு இது ஒரு காரணம். விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் அந்த நேரத்தில் இறுகி, வேகமாக வேலை செய்திருக்கும். வழக்கமில்லாதவர் ஒரு நாள் முழுக்கக் கரும்பு வெட்டினால் மறுநாள் தோள் வலிப்பது போன்றதுதான் அந்த நெஞ்சு வலி. விரலால் அழுத்தினாலோ உடலைத் திருப்பினாலோ அது கூடும்.

மூச்சின் பங்கு இன்னும் பெரியது. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடும்போது ஆக்சிஜன் குறைவதில்லை, கரியமில வாயுதான் தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அதனால் இரத்தம் காரத் தன்மைப் பக்கம் நகர்கிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்க, தலை கிறுகிறுக்கிறது. இரத்தத்தில் நரம்புகளுக்குப் பயன்படும் கால்சியம் குறைய, உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் ஊசி குத்துகிறது. தாக்குதல் ஓய்ந்த பிறகும் மூச்சு நிறையவில்லை என்று நிமிடத்துக்கு ஒரு பெருமூச்சு இழுப்பவர் தன்னை அறியாமலே இந்த நிலையை நாள் முழுவதும் நீட்டித்துக்கொண்டிருக்கிறார். குறைவாக மூச்சு விட வேண்டிய நேரத்தில் அவர் அதிகமாக விடுகிறார்.

மூன்றாவது காரணம் கவனம். ஒரு முறை அடிபட்டவர் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டே இருப்பார். துடிப்பு சற்றுக் கூடினாலும் பயம் வரும், பயம் துடிப்பை மேலும் கூட்டும். உடலின் சாதாரண அசைவை ஆபத்தாகப் பொருள் கொள்வதே பீதியின் சுழற்சி என்று பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கினார். இன்றைய உளவியல் சிகிச்சை பெரும்பாலும் அந்த விளக்கத்தின் மேல்தான் நிற்கிறது. இது பலவீனமானவர்களுக்கு வரும் கோளாறும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய படைவீரர்களிடம் இதே படபடப்பையும் நெஞ்சு வலியையும் கண்டு, ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-லேயே பதிவு செய்திருக்கிறார்.

தணிக்கும் வழிகள்

முதலில் மூச்சு. வாயை மூடி, ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும் வரை விட வேண்டும். ஆழமாக இழுக்கத் தேவையில்லை, மெதுவாக விடுவதுதான் முக்கியம். ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு இரண்டு முறை, தாக்குதல் இல்லாத நேரத்திலும் பழக வேண்டும். பெருமூச்சு வரும்போது எச்சிலை விழுங்கி அதை ஒரு முறை கடத்திவிடலாம். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய முறையை இப்போது பரிந்துரைப்பதில்லை. ஆஸ்துமாவோ இதய நோயோ இருப்பவருக்கு அது ஆபத்தாகலாம்.

இறுகிய தசைக்கு வெந்நீர் ஒத்தடமும் நடையும் போதும். வெறும் வயிற்றில் ஸ்ட்ராங் டீயை இரண்டு மூன்று முறை குடித்துவிட்டு மதியம் வரை சாப்பிடாமல் இருப்பது இங்கே வேலைக்குப் போகும் பலரின் வழக்கம். தேநீரில் உள்ள கஃபீனும் பசியும் சேர்ந்து தருவது அதே நடுக்கத்தையும் படபடப்பையும்தான். புகையிலையும் அப்படியே. காலை உணவை விடாமல் சாப்பிட்டதிலேயே பாதி தெளிந்தவர்கள் உண்டு.

உடம்பு அசந்துவிட்டது என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வதையும் சொல்ல வேண்டும். சாப்பிட முடிந்தவருக்கு அதனால் பயன் ஏதும் இல்லை. பாட்டில் ஏற்றினால்தான் எழுந்திருக்க முடியும் என்ற எண்ணத்தை மட்டும் அது வளர்க்கிறது. வேப்பிலை அடித்து மந்திரிப்பது, கயிறு கட்டுவது ஆகியவற்றால் மனம் ஆறுமானால் ஆறட்டும். மருத்துவமனைக்குப் போவதை அவை தள்ளிப்போடாமல் இருந்தால் சரி.

மலையில் வேறொரு சிக்கல் உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து ஊர்களில் தண்ணீருக்கோ காட்டுக்கோ போவதென்றாலும் மேடு ஏற வேண்டும். மேடு ஏறினால் எவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பீதித் தாக்குதல் கண்டவருக்கு அந்தத் துடிப்பே பழைய நினைவைக் கிளப்பும். அவர் ஏறுவதை நிறுத்துவார். சில வாரங்களில் உடலின் பழக்கம் குறைந்து, சிறிய மேட்டிலும் மூச்சு வாங்கும், பயம் உறுதிப்படும். கச்சிராயபாளையத்திலிருந்து மேலே போகும் மலைப்பாதை வளைவுகளில் பேருந்தில் தலை சுற்றுவதும் இப்படித்தான் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

மாற்று வழி, மேட்டை மறுபடி சிறுகச் சிறுக ஏறுவது. முதல் நாள் கொஞ்ச தூரம், துணையோடு. நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது ஓடிவந்துவிடாமல் அங்கேயே நின்று, துடிப்பு தானாக இறங்குவதைப் பார்க்க வேண்டும். அடுத்த நாள் இன்னும் சற்று மேலே, பிறகு துணையில்லாமல். துடிப்பு ஏறியும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை உடல் இப்படித்தான் கற்றுக்கொள்ளும், பேச்சால் கற்றுக்கொள்ளாது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுத்தான் இதில் இறங்க வேண்டும்.

பீதி என்று விட்டுவிடக் கூடாதவை

மெத்தனால் நஞ்சில் மூச்சு வாங்குவது பீதியில் வாங்குவதைப் போலவே தெரியும். உள்ளே நடப்பது நேர் எதிரானது. கல்லீரல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. இரத்தத்தில் அமிலம் ஏறுவதால், அதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சு விடுகிறது. அமிலம் கண் நரம்பைத் தாக்கும்போது பார்வை பனிமூட்டம் போல வெளுக்கிறது. குடித்த உடனே எதுவும் தெரியாமல் 12 முதல் 24 மணி நேரம் கழித்தும் இது தொடங்கலாம். சாதாரண மது கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய யாராலும் முடியாது. ஆகவே கடந்த இரண்டு மூன்று நாட்களில் சாராயம் குடித்த ஒருவருக்கு வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண் மங்கல் இவற்றில் எது வந்தாலும் பதற்றம்தான் என்று சொல்லிப் படுக்க வைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். குடித்ததை மறைக்காமல் சொன்னால்தான் மாற்று மருந்தோ டயாலிசிஸோ நேரத்தில் கிடைக்கும். போலீஸ் பயத்தில் மறைத்தால் கண்ணும் உயிரும் போகும்.

நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். அது பீதி அல்ல, குடி விலகல். வலிப்பு, குழப்பம், இல்லாததைக் காண்பது வரை போகலாம் என்பதால் மருத்துவமனையிலேயே நிறுத்துவது நல்லது.

நடக்கும்போது அழுத்தி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நெஞ்சு வலி, மயங்கி விழுதல், ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போதல் ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவமனைதான். அவசரமில்லாமல், ஆனால் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டியவை ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ஈ.சி.ஜி. இரத்தசோகையும் தைராய்டு மிகைச் சுரப்பும் பீதியைப் போலவே வேடம் போடும். இவை சரியாக இருந்தால் அதே பரிசோதனைகளை மாதாமாதம் திரும்பச் செய்வதில் பலனில்லை. அதுவும் நாடி பார்ப்பதைப் போன்ற பழக்கமாகிவிடும்.

சிகிச்சை

தாக்குதல்கள் திரும்பத் திரும்ப வந்தாலோ, வந்துவிடுமோ என்ற பயத்தில் வேலையும் வெளியே போவதும் நின்றாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உளவியல் சிகிச்சையோடு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் தரப்படலாம். இவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். இதை முன்பே சொல்லாததால் மூன்றாம் நாளே மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் பலர். அல்பிரசோலம் போன்றவை உடனே அமைதி தரும், ஆனால் பழக்கமாகிவிடும். மருந்துக்கடையில் நேரடியாகக் கேட்டு வாங்கக் கூடாது. எந்த மாத்திரையையும் நலமாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் அளவில் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேட்டுச் செல்லலாம். மலையிலிருந்து இறங்க முடியாதவர்கள் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடம் இருந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டது அல்லது குடித்தது, மறுநாள் உடம்பு எப்படி இருந்தது என்று நான்கு வரி எழுதி வைத்துக்கொண்டு பேசினால், எதிர்முனையில் இருப்பவருக்கு அதுவே பாதி பரிசோதனை.