சுகாதாரக் கணக்கில் மின்னஞ்சல் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் மாற்றுதல்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

ஆய்வக முடிவுகள், மருத்துவரைச் சந்திக்கும் நேரம், மருந்துச் சீட்டு, காப்பீட்டு ஒப்புதல் ஆகியவை இன்று பெரும்பாலும் மின்னஞ்சலாகவோ குறுஞ்செய்தியாகவோ வந்து சேருகின்றன. அவை செல்ல வேண்டிய முகவரி பழையதாக இருந்தால் தகவல் உங்களை வந்தடையாது. வேறொருவரின் கையில் சேரவும் கூடும். திசுப் பரிசோதனையின் முடிவு பயன்பாட்டில் இல்லாத மின்னஞ்சல் பெட்டியில் கிடப்பதால், தொடங்க வேண்டிய சிகிச்சை தள்ளிப்போகலாம். எனவே தொடர்பு விவரங்களைச் சரியாக வைத்திருப்பதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு, அதாவது ஆபா, இங்கு முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. மருத்துவமனை, ஆய்வகம், காப்பீடு ஆகியவற்றின் இணையக் கணக்குகளுக்கும் பெரும்பாலான குறிப்புகள் பொருந்தும்.

எப்போது மாற்ற வேண்டும்?

கீழ்க்கண்ட சூழல்களில் தாமதிக்காமல் மாற்றுவது நல்லது.

• அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்திருந்து, வேலையிலிருந்து விலகும்போது. பணி முடிந்ததும் அந்த முகவரியை நிறுவனம் மூடிவிடும். கல்லூரி வழங்கிய முகவரிக்கும் இது பொருந்தும்.
• நெடுநாள் திறக்கப்படாத மின்னஞ்சலைக் கொடுத்திருக்கும்போது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் பின்பற்றி வருகிறது.
• கைப்பேசி எண்ணைக் கைவிடும்போது. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாள்கள் கழிந்தபின் புதிய சந்தாதாரருக்கு வழங்கப்படலாம். அதன்பின் உங்களுக்கான குறுஞ்செய்திகள் முன்பின் அறியாத ஒருவருக்குச் செல்லும்.
• பராமரிப்பாளர் மாறும்போது. முன்பு உடனிருந்து கவனித்தவரின் மின்னஞ்சலோ எண்ணோ கணக்கில் இருந்தால், அவர் விலகிய பின்னும் நோயாளியின் விவரங்கள் அவருக்கே செல்லும்.
• மின்னஞ்சலின் கடவுச்சொல் பிறருக்குத் தெரிந்துவிட்டதாக ஐயம் எழும்போது. இந்நிலையில் முதலில் கடவுச்சொல்லை மாற்றி, அதன்பின் முகவரியை மாற்றுவது பற்றி முடிவு செய்யலாம்.

ஆபா முகவரி வேறு, மின்னஞ்சல் முகவரி வேறு

ஆபா கணக்கு தொடர்பான மூன்று விவரங்களைப் பலர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கின்றனர்.

ஆபா எண் என்பது 14 இலக்கங்கள் கொண்ட அடையாள எண். தொடர்பு விவரங்களை மாற்றினாலும் இவ்வெண் மாறாது.

ஆபா முகவரி என்பது உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பகிர்வதற்கும் இணைப்பதற்கும் பயன்படும் பயனர் பெயர். நடுவில் 'அட்' குறியும் இறுதியில் 'ஏபிடிஎம்' என்ற எழுத்துகளும் இருப்பதால் இது மின்னஞ்சலைப் போலத் தோன்றும். ஆனால் இதற்கு மின்னஞ்சல் அனுப்ப இயலாது. மருத்துவமனைப் படிவத்தில் மின்னஞ்சல் கேட்கப்படும் இடத்தில் இதை எழுதினால் எந்தத் தகவலும் உங்களுக்கு வராது.

இணைக்கப்பட்ட மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களைத் தொடர்புகொள்வதற்கும், கணக்கில் நுழைபவர் நீங்கள்தான் என்பதை உறுதி செய்வதற்கும் உரியவை. மாற்றப்பட வேண்டியவை இவையே. இவற்றை மாற்றுவதற்காகப் புதிய ஆபா எண் பெறத் தேவையில்லை.

மாற்றும் முன் செய்ய வேண்டியவை

பழைய மின்னஞ்சலும் பழைய எண்ணும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாற்றத்தைச் செய்துவிடுங்கள். ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் பல கணக்குகளில் பழைய தொடர்புக்கே முதலில் அனுப்பப்படும். பழைய சிம் அட்டையை ஒப்படைத்த பிறகு மாற்ற முயன்றால் வேலை இருமடங்காகும்.

புதிய மின்னஞ்சலை உங்கள் கைப்பேசியில் திறந்து பாருங்கள். அதிலிருந்து ஒரு மடலை அனுப்பவும் பெறவும் முடிகிறதா என்று சோதியுங்கள். அதற்கு இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்துங்கள்.

பழைய மின்னஞ்சலில் உள்ள ஆய்வக அறிக்கைகள், மருத்துவமனையிலிருந்து வெளியேறியபோது தரப்பட்ட சுருக்க அறிக்கை, காப்பீட்டு ஆவணங்கள் ஆகியவற்றைத் தரவிறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். கணக்கில் முகவரியை மாற்றுவதால் பழைய மடல்கள் புதிய பெட்டிக்கு இடம்பெயர மாட்டா.

ஆபா கணக்கில் மாற்றும் முறை

1. தேசிய சுகாதார ஆணையத்தின் அதிகாரப்பூர்வ ஆபா இணையதளத்தையோ ஆபா செயலியையோ திறக்கவும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டு நுழைய வேண்டாம்.
2. ஆபா எண்ணைக் கொண்டோ இணைக்கப்பட்ட கைப்பேசி எண்ணைக் கொண்டோ உள்நுழையவும். வரும் ஓடிபியை உள்ளிடவும்.
3. உங்கள் சுயவிவரப் பகுதிக்குச் சென்று, மின்னஞ்சலையோ கைப்பேசி எண்ணையோ புதுப்பிப்பதற்கான வசதியைத் தெரிவு செய்யவும்.
4. புதிய விவரத்தை உள்ளிட்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்கவும். சுழியமும் ஆங்கில எழுத்தான 'ஓ'வும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும்.
5. புதிய எண்ணுக்கோ முகவரிக்கோ வரும் உறுதிப்படுத்தும் செய்தியின்படி சரிபார்ப்பை முடிக்கவும். அதுவரை மாற்றம் நிறைவுறாது. மடல் வரவில்லையெனில் வேண்டா மடல்கள் சேரும் பெட்டியையும் பார்க்கவும்.
6. வெளியேறி, மீண்டும் உள்நுழைந்து, புதிய விவரம் பதிவாகியுள்ளதா எனப் பார்க்கவும்.

ஒரே கைப்பேசி எண்ணுடன் குடும்பத்தினர் சிலரின் ஆபா கணக்குகளை இணைத்திருந்தால், ஒவ்வொருவரின் கணக்கிலும் தனித்தனியே மாற்ற வேண்டும். உங்கள் கணக்கில் மாற்றுவதால் தாயாரின் கணக்கு தானாக மாறாது.

பழைய எண் கையில் இல்லையென்றால்

ஆதார் வழியாக உருவாக்கப்பட்ட ஆபா கணக்கில், ஆதாருடன் இணைந்த எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொண்டும் நுழையலாம். ஆதாரில் உள்ள எண்ணும் ஆபாவில் உள்ள எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே ஆபாவில் உள்ள எண் தொலைந்திருந்தாலும் ஆதாரில் உள்ள எண் இயங்கினால் இவ்வழியே உள்நுழைந்து மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டிலும் இருப்பது தொலைந்துபோன எண்தான் என்றால், முதலில் ஆதாரில் புதிய எண்ணைப் பதிவு செய்து, அதன்பின் ஆபாவில் மாற்ற வேண்டும். இதற்கு ஆதார் பதிவு மையத்திற்கு நேரில் செல்லலாம். அங்குக் கைரேகை அல்லது கருவிழிப் பதிவின் மூலம் உங்கள் அடையாளம் உறுதி செய்யப்படுவதால் பழைய எண் தேவைப்படாது. இச்சேவைக்குக் கட்டணம் உண்டு. தரப்படும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். படுக்கையில் இருப்போர், நேரில் செல்ல இயலாதோர் ஆகியோருக்கான வழிமுறையை ஆதார் உதவி எண்ணான 1947இல் கேட்டறியலாம்.

ஓரிடத்தில் மாற்றினால் போதாது

ஆபா கணக்கில் செய்த மாற்றம் மருத்துவமனையின் பதிவேட்டில் தானாகச் சேர்ந்துவிடும் என எண்ண வேண்டாம். ஆபா கட்டமைப்பில் மருத்துவப் பதிவுகள் அனைத்தும் ஒரே இடத்தில் திரட்டி வைக்கப்படுவதில்லை. அவை உருவான மருத்துவமனையிலும் ஆய்வகத்திலுமே இருக்கும். உங்கள் ஒப்புதலின் பேரில் பகிரப்படும். எனவே கீழ்க்கண்ட இடங்களிலும் புதிய விவரத்தைத் தெரிவியுங்கள்.

• வழக்கமாகச் செல்லும் மருத்துவமனையின் பதிவுப் பிரிவு
• முடிவு வர வேண்டிய பரிசோதனை நிலுவையில் உள்ள ஆய்வகம்
• காப்பீட்டு நிறுவனம் அல்லது காப்பீட்டுத் திட்ட அலுவலகம்
• தொலைமருத்துவச் சேவை, மருந்து விற்பனைச் செயலி ஆகியவற்றில் உள்ள கணக்குகள்

இவற்றுள் முதலில் கவனிக்க வேண்டியது, முடிவு வர வேண்டிய பரிசோதனை எங்கே உள்ளது என்பதே. அந்த இடத்திற்கு அன்றே தெரிவித்துவிட்டு மற்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம்.

பதிவுப் பிரிவில் முகவரியை வாயால் சொல்வதைக் காட்டிலும் தாளில் தெளிவாக எழுதிக் கொடுப்பது நல்லது. பதிவு செய்ததை அச்சிட்ட சீட்டிலோ திரையிலோ காட்டும்படி கேளுங்கள். ஓர் எழுத்து பிழைத்தாலும் உங்கள் அறிக்கை வேறொருவரின் பெட்டிக்குச் சென்றுவிடும்.

பராமரிப்பாளர்களின் கவனத்திற்கு

முதியவர்களுக்கும் நெடுநாள் நோயாளிகளுக்கும் பிள்ளைகளோ உறவினர்களோ தங்கள் மின்னஞ்சலைக் கொடுப்பது வழக்கம். இது உதவியே. எனினும் கணக்கு நோயாளிக்கு உரியது. யாருடைய முகவரி கொடுக்கப்படுகிறது, எந்தத் தகவல் அங்கு வரும் என்பதை அவரிடம் சொல்லி, அவருடைய சம்மதத்தைப் பெறுங்கள். மனநலச் சிகிச்சை, கருத்தரிப்பு, பால்வினை நோய்கள், எச்ஐவி போன்றவை தொடர்பான தகவல்களைக் குடும்பத்தினர்கூட அறிவதை ஒருவர் விரும்பாமல் இருக்கலாம். அந்த விருப்பம் மதிக்கப்பட வேண்டும்.

இயன்றவரை நோயாளியின் பெயரிலேயே தனி மின்னஞ்சல் தொடங்கி, அதை அவர் நம்பும் ஒருவர் பார்த்துக்கொள்ளும்படி செய்யலாம். பராமரிப்பாளர் மாறினால் அப்போது கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதும். எல்லா இடங்களிலும் முகவரியை மாற்ற வேண்டியிருக்காது.

வெளியூரில் வாழும் பிள்ளையின் எண் கணக்கில் இருந்தால், ஓடிபியும் அவருக்கே செல்லும். மருத்துவமனையில் அனுமதிக்கும் நேரத்தில் அவர் உறக்கத்திலோ பயணத்திலோ இருக்கக்கூடும். எனவே கைப்பேசி எண் நோயாளியுடன் இருப்பவருடையதாகவும், மின்னஞ்சல் அறிக்கைகளைப் படித்துப் புரிந்துகொள்பவருடையதாகவும் இருப்பது பயன் தரும்.

மோசடியிலிருந்து காத்துக்கொள்ளுதல்

'உங்கள் சுகாதாரக் கணக்கு முடக்கப்படும், உடனே மின்னஞ்சலைப் புதுப்பியுங்கள்' என்று வரும் செய்திகளை நம்ப வேண்டாம். ஓடிபியைத் தொலைபேசியில் எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். புலனம் வழியாக அனுப்பப்படும் செயலிக் கோப்புகளை நிறுவாதீர்கள்.

நீங்கள் கேட்காமலேயே 'உங்கள் மின்னஞ்சல் மாற்றப்பட்டது' என்ற அறிவிப்பு வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், நேரடியாகக் கணக்கில் நுழைந்து பாருங்கள். மாற்றம் உண்மையெனில் உதவி மையத்திற்கு உடனே தெரிவியுங்கள். பணம் இழந்திருந்தால் 1930 என்ற இணையக் குற்றத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

மாற்றிய பின்

பழைய மின்னஞ்சலைச் சில மாதங்களேனும் மூடாமல் வைத்திருந்து, வாரம் ஒருமுறை பாருங்கள். அங்கு இன்னும் ஏதேனும் மருத்துவத் தகவல் வருமானால், அதை அனுப்பிய இடத்தில் விவரம் மாற்றப்படவில்லை என்பது தெரிந்துவிடும்.

பரிசோதனை முடிவு குறித்த நாளில் வரவில்லையெனில், எல்லாம் நலமாக உள்ளது என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஆய்வகத்தையோ மருத்துவரையோ தொலைபேசியில் கேளுங்கள், அல்லது நேரில் செல்லுங்கள்.

ஆபா எண் பெறுவது அவரவர் விருப்பத்திற்கு உட்பட்டது. அது இல்லை என்பதாலோ அதிலுள்ள மின்னஞ்சல் பழையது என்பதாலோ சிகிச்சைக்குச் செல்வதைத் தள்ளிப்போட வேண்டாம். உடல்நிலை அவசரமெனில் முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கணக்கைப் பின்னர் சரிசெய்துகொள்ளலாம்.

உதவிக்கு

ஆபா கணக்கு தொடர்பான ஐயங்களுக்கு: 14477
ஆதார் தொடர்பான ஐயங்களுக்கு: 1947
இணைய மோசடி குறித்த புகார்களுக்கு: 1930
தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கும் தகவலுக்கும்: 104
அவசர ஊர்திக்கு: 108