சேர்க்கை முடிந்தபின் தொடங்கும் தடைகள்: கல்லூரிகளும் தலித் மாணவர்களும்

இடஒதுக்கீடு குறித்த நமது விவாதங்கள் பெரும்பாலும் சேர்க்கைப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. எத்தனை இடங்கள் ஒதுக்கப்பட்டன, எத்தனை நிரப்பப்பட்டன, எத்தனை பொதுப்பிரிவுக்கு மாற்றப்பட்டன என்று கேட்கிறோம். இவை கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. ஆனால், கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்ட மாணவரை அதன்பின் கல்லூரி எவ்வாறு நடத்துகிறது என்பதை நாம் அதே அக்கறையுடன் ஆராய்வதில்லை.

சேரும்வரை மாணவருக்குத் தெரிவுகள் உண்டு. தனியார் கல்லூரிகள் அவரைத் தேடி வருகின்றன. 'அரசு உதவித்தொகை இருக்கிறது, நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம்' என்று வாக்களிக்கின்றன. சேர்ந்தபின் நிலைமை மாறிவிடுகிறது. மற்ற இடங்களை அவர் கைவிட்டிருப்பார். குடும்பம் கடன் வாங்கியிருக்கும். அசல் சான்றிதழ்கள் அலுவலகத்தில் இருக்கும். பேரம் பேசும் வலிமை முழுவதும் நிர்வாகத்திடம் போய்விடுகிறது. சொத்தும் செல்வாக்கும் உள்ள குடும்பம் இந்த நிலையைச் சமாளித்துவிடும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் தலித் மாணவரின் படிப்போ இங்கேயே முறிந்துவிடக்கூடும்.

முதல் கட்டணம்

2024ஆம் ஆண்டு உத்தரப் பிரதேச மாநிலம் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த அதுல் குமார் என்ற தலித் மாணவருக்கு, ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வின் மூலம் தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. அந்த இடத்தை உறுதிசெய்ய ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் செலுத்த வேண்டும். தினக்கூலித் தொழிலாளியான அவருடைய தந்தையால் அந்தத் தொகையை உரிய நேரத்தில் திரட்ட முடியவில்லை. இடம் பறிபோனது. ஜார்க்கண்டின் சட்டப்பணிகள் ஆணையம், அவ்வாண்டுத் தேர்வைச் சென்னை ஐஐடி நடத்தியதால் சென்னை உயர் நீதிமன்றம், இறுதியில் உச்ச நீதிமன்றம் என்று அவர் அலைய வேண்டியிருந்தது. செப்டம்பர் 30 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது உறுப்பைப் பயன்படுத்தி, கூடுதல் இடம் ஒன்றை உருவாக்கி அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. 2021ஆம் ஆண்டும் கட்டணம் செலுத்துவதில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் மும்பை ஐஐடி இடத்தை இழந்த ஒரு தலித் மாணவருக்கு உச்ச நீதிமன்றமே இடத்தை மீட்டுத் தந்தது.

ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் 2016 முதல் முழுமையாக விலக்கப்பட்டிருக்கிறது. கட்டணமே இல்லாத ஒருவர், இடத்தை ஏற்பதற்கான தொகையை நான்கு நாள்களுக்குள் கட்ட இயலாததால் வெளியே நிற்கிறார். சலுகையை வகுத்தவர்கள் அதை அடையும் வாசலில் பணத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம்வரை செல்ல இயலாத மாணவர்களின் கதை எந்தத் தீர்ப்பிலும் பதிவாவதில்லை.

அடகாகும் சான்றிதழ்கள்

அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பது அடுத்த தடை. வேறு கல்லூரியில் இடம் கிடைத்தாலும், குடும்பச் சூழலால் படிப்பை நிறுத்த நேர்ந்தாலும், முழுக் கட்டணத்தையும் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் கிடைக்கும் என்று நிர்வாகங்கள் மிரட்டுவது நமக்குப் புதிதல்ல.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதைத் தெளிவாகத் தடைசெய்கிறது. அசல் சான்றிதழ்களை மாணவர் முன்னிலையில் சரிபார்த்து உடனே திருப்பித்தர வேண்டும். சான்றொப்பமிட்ட நகல்களை மட்டுமே கல்லூரி வைத்துக்கொள்ளலாம். மாணவர் படிக்கவிருக்கும் பருவத்துக்கோ ஆண்டுக்கோ உரிய கட்டணத்தை மட்டுமே முன்கூட்டி வாங்கலாம். முழுப் படிப்புக்கும் சேர்த்து வாங்கக் கூடாது.

விலகும் மாணவருக்குத் திருப்பித்தர வேண்டிய விகிதத்தையும் அந்த அறிவிக்கை வரையறுத்தது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்பே விலகினால் முழுத் தொகை. அதற்குப் பிறகு, கடைசி நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு. கடைசி நாளுக்குப் பிந்தைய 15 நாள்களுக்குள் 80 விழுக்காடு. 15 முதல் 30 நாள்களுக்குள் 50 விழுக்காடு. முழுத் தொகையைத் தரும்போது மட்டும் செயலாக்கச் செலவாக 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம். இந்த விதி இருப்பது தெரியாததாலேயே பல பெற்றோர் கட்டிய பணத்தையும் இழந்து, சான்றிதழுக்காக மேலும் பணம் கட்டுகிறார்கள்.

உதவித்தொகை வந்துசேரும் வழி

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டம் 1944இல், அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில் தொடங்கியது. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பி, பணம் சேர்த்து 1920இல் மீண்டும் சென்றவர் அவர். பணம் நிற்கும் இடத்தில் படிப்பும் நிற்கும் என்பதை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான இத்திட்டத்துக்கு, 2017-18 முதல் 2019-20 வரை ஒன்றிய அரசு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 கோடி ரூபாய் மட்டுமே அளித்தது. மாநிலங்கள் மீது சுமை ஏறியது. பஞ்சாபில் நிலுவை குவிந்தபோது, கல்லூரிகள் மாணவர்களின் தேர்வு எண்களையும் பட்டங்களையும் நிறுத்திவைத்தன. அரசுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான கணக்குத் தகராறுக்கு மாணவர்கள் பிணையாக்கப்பட்டார்கள்.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநிலங்கள் 40 விழுக்காடும் ஏற்க வேண்டும். இது போராடிப் பெற்ற முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2021-22 முதல் ஒன்றியப் பங்கு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதுவும் மாநிலம் தன் பங்கை விடுவித்த பின்னரே வருகிறது. முன்பு கல்விக் கட்டணத்துக்காக அரசிடம் காத்திருந்த கல்லூரி, இப்போது மாணவரிடம் கேட்கிறது. மாநிலம் தாமதித்தாலும், ஆதார் இணைப்பில் பிழை இருந்தாலும், கட்டண பாக்கி அவர் பெயரிலேயே நிற்கும். தேர்வு நுழைவுச்சீட்டுக்காக அலுவலக வாசலில் நிற்பவரும் அவரே.

கட்டணத்தை முன்பணமாகக் கேட்காமல் சேர்த்துக்கொள்வதற்கான ஃப்ரீஷிப் கார்டு முறைக்குத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகள் இடமளிக்கின்றன. அதைக் கல்லூரிகள் மதிக்கின்றனவா என்று கண்காணிக்க வேண்டியது அரசின் கடமை. தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி, கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் 2012ஆம் ஆண்டின் அரசாணை 92 ஆயிரக்கணக்கானோருக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது. அதன் பயனை நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பின்னர் மறுத்தார்கள். எந்த ஒதுக்கீட்டில் சேர்கிறோம் என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது இதனால் இன்றியமையாததாகிறது.

வகுப்பறையும் விடுதியும்

பணத்தடையைக் கடந்தவரும் சமமாக நடத்தப்படுவார் என்பதற்கு உறுதியில்லை. தில்லி எய்ம்ஸ் குறித்து 2007இல் அறிக்கை அளித்த தோரட் குழு, விடுதி அறைகளில் தொடங்கி ஆசிரியர்களின் மதிப்பீடுவரை பாகுபாடு நிலவுவதைப் பதிவுசெய்தது. அதன் தொடர்ச்சியாக வந்த மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ ஒழுங்குமுறைகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையத்தையும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரையும் கோரின. ஆயினும், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பல மாதங்களாக ஆய்வு உதவித்தொகை நிறுத்தப்பட்டிருந்த நிலையில் ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிர்நீத்தார். 2019 மே மாதம் மும்பையில் மருத்துவ மேற்படிப்பு மாணவி பாயல் தட்வி இறந்தார். இவ்விருவரின் தாய்மார்களும் அந்த ஒழுங்குமுறைகளை நடைமுறைப்படுத்துமாறு 2019இல் உச்ச நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது.

2023 பிப்ரவரியில், சேர்ந்து சில மாதங்களே ஆன முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி மும்பை ஐஐடியில் இறந்தார். சாதியப் பாகுபாடே காரணம் என்று குடும்பத்தினர் கூறினர். நிறுவனத்தின் உள்விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை. ஆனால் அதே ஆண்டு, சக மாணவரின் சாதியையோ நுழைவுத்தேர்வுத் தரவரிசையையோ கேட்கக் கூடாது என்று அந்நிறுவனமே அறிவுறுத்தல் வெளியிட்டது. 'உன் ரேங்க் என்ன?' என்ற கேள்வி சாதியைக் கேட்கும் மறைமுக வழி என்பதை இதைவிட வெளிப்படையாக ஒரு நிறுவனம் ஒப்புக்கொள்ள முடியாது.

செய்ய வேண்டியவை

மாணவர்களும் பெற்றோரும் அசல் சான்றிதழை ஒப்படைக்க மறுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டிய நிலையில் ஒப்புகைச்சீட்டு பெற வேண்டும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் ரசீது கேட்க வேண்டும். வாய்மொழி மிரட்டலுக்கு எழுத்தில் மனு கொடுத்துப் பதில் கோர வேண்டும். மானியக் குழுவின் இ-சமாதான் தளத்திலும், தேசிய, மாநில பட்டியல் சாதியினர் ஆணையங்களிலும் புகார் அளிக்கலாம்.

அரசுகளிடம் நமது கோரிக்கைகள் மூன்று. உதவித்தொகைத் தாமதத்துக்காக எந்த மாணவரின் தேர்வையும் சான்றிதழையும் நிறுத்தும் கல்லூரி மீது இணைப்பு ரத்து உள்ளிட்ட நடவடிக்கை வேண்டும். இடத்தை ஏற்கும் தொகையிலிருந்து பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு விலக்கு வேண்டும். சேர்ந்தவர்கள் எத்தனை பேர், பட்டத்தோடு வெளியேறியவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நிரப்பப்பட்ட இடங்களின் எண்ணிக்கையை மட்டும் காட்டி எந்த நிறுவனமும் சமூகநீதியை நிறைவேற்றிவிட்டதாகக் கூற நாம் அனுமதிக்கலாகாது.