வியாபாரக் கடிதமும் விற்பனைக் கடிதமும்

சங்கத்தின் சரக்கு எவ்வளவு உயர்ந்ததாயினும், வெளியூர் வியாபாரி அதனைக் காண்பதற்கு முன்னர் சங்கத்தின் கடிதத்தையே காண்கிறார். கடிதம் தெளிவாயிருந்தால் சரக்கின் மீது நம்பிக்கை பிறக்கிறது. குழப்பமாயிருந்தால் நல்ல சரக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. இது கடிதத்தின் முதற்பணி. பின்னர் விலையிலோ தரத்திலோ தகராறு எழும்போது அதே கடிதம் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது இரண்டாவது பணி. நமது சங்கங்கள் பல முதற்பணியில் ஓரளவு கவனம் செலுத்தி, இரண்டாவதை மறந்துவிடுகின்றன.

விற்பனைக் கடிதம்

விற்பனைக் கடிதம் எழுத அமருவோர் சங்கத்தின் பெருமையிலிருந்து தொடங்குவது வழக்கம். சங்கம் துவக்கப்பட்ட ஆண்டு, அங்கத்தினர் தொகை, பெற்ற கேடயங்கள் ஆகியவற்றால் முதற்பக்கம் நிரம்பிவிடும். வாங்குவோருக்கு வேண்டியது அதுவன்று. மருத்துவமனை அதிகாரி தம் விரிப்பு எத்தனை சலவைக்குத் தாங்கும் என்று கேட்கிறார். மஞ்சள் வியாபாரி விரலியா கிழங்கா, ஈரப்பதம் எவ்வளவு, குர்குமின் எவ்வளவு என்று கேட்கிறார். அக்கேள்விகளுக்கு விடை முதற்பத்தியிலேயே அமைதல் வேண்டும்.

"எங்களிடம் தரமான விரிப்புகள் நியாயமான விலையில் கிடைக்கும். தங்கள் ஆதரவை நாடுகிறோம்" என்ற கடிதத்தால் வாங்குவோர் எதையும் தீர்மானிக்க இயலாது. அதனையே கீழ்க்கண்டவாறு எழுதலாம்:

"ஐயா, தங்கள் மருத்துவமனைக்கு ஏற்ற கைத்தறிப் படுக்கை விரிப்பின் மாதிரி ஒன்றை இத்துடன் அனுப்பியுள்ளோம். பாவும் ஊடையும் 40-ஆம் நம்பர் பருத்தி நூல். அகலம் 60 அங்குலம், நீளம் 90 அங்குலம். கெட்டிச் சாயம். விலை ஒன்றுக்கு ரூ. 420, வரியும் லாரி வாடகையும் தனி. 200 விரிப்புகளை, ஆர்டர் கிடைத்த 30 நாட்களில் அனுப்ப இயலும். சரக்குப் பெற்ற 30 நாட்களில் பணம் செலுத்த வேண்டும். இவ்விலை இம்மாதம் 31-ஆம் தேதி வரை செல்லும்."

இதில் அளவு, தரம், விலை, காலம், தவணை ஆகிய ஐந்தும் உள்ளன. கடைசி வாக்கியம் மிக முக்கியமானது. கெடு குறிக்காமல் விலை கூறிவிட்டு, நூல் விலை ஏறிய பின்னர் பழைய விலைக்கே ஆர்டர் வந்து திண்டாடும் சங்கங்கள் உண்டு.

மிகைப்படுத்தி எழுதுவது ஆபத்து. பவானி ஜமக்காளமும் ஈரோடு மஞ்சளும் புவிசார் குறியீடு பெற்றவை. அவ்வுரிமைக்கு உட்பட்ட சரக்குக்கே அப்பெயரை வழங்கலாம். மாதிரி காட்டி விற்கும்போது, மொத்தச் சரக்கும் அம்மாதிரியை ஒத்திருக்க வேண்டுமென 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் விதிக்கிறது. ஆகவே, அனுப்பும் மாதிரியில் ஒரு பாதியை முத்திரையிட்டு, தேதி குறித்துச் சங்கத்தில் வைத்துக்கொள்க.

சரக்கு அனுப்பும் கடிதம்

சரக்குடன் செல்லும் கடிதத்தில் ஆர்டரின் எண்ணும் தேதியும், சிப்பங்களின் எண்ணிக்கை, லாரி ரசீது எண், பில் தொகை ஆகியவையும் இடம்பெற வேண்டும். "குறை ஏதுமிருப்பின் சரக்குப் பெற்ற 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்" என்ற வரியையும் சேர்க்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காமல் சரக்கை வைத்துக்கொண்டவர், அதனை ஏற்றுக்கொண்டவராகவே மேற்கண்ட சட்டப்படி கருதப்படுவார்.

பாக்கி கோரும் கடிதம்

சங்கங்கள் அதிகமாக நஷ்டமடைவது இங்கேதான். தணிக்கையின்போது ஒரு நெசவாளர் சங்கத்தின் கோப்பில் ஒரே வியாபாரிக்கு எழுதப்பட்ட பதினொரு ஞாபகக் கடிதங்களைக் கண்டேன். பதில் ஒன்றுகூட இல்லை. ஆண்டுதோறும் கடிதம் எழுதி வருவதால் பாக்கி உயிரோடிருக்கிறது என்று நிர்வாகக் குழுவினர் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கை தவறு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை குறிக்காத விற்பனைக்குச் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்தும், தவணை குறித்த விற்பனைக்கு அத்தவணை முடிந்த நாளிலிருந்தும் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். நாம் எழுதும் ஞாபகக் கடிதம் அக்கெடுவை ஒரு நாளும் நீட்டிக்காது. அச்சங்கத்தின் கெடு முன்னரே கடந்துபோயிருந்தது. நெய்தவர்களின் கூலியும் சேர்ந்த தொகை அது.

கெடுவைப் புதுப்பிப்பது கடன்பட்டவரின் கையெழுத்தேயாகும். கெடு முடியுமுன் அவர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். ஒரு பகுதித் தொகையைச் செலுத்தி, அதனைத் தம் கையெழுத்தில் அல்லது தாம் கையொப்பமிட்ட எழுத்தில் குறித்தாலும் அவ்வாறே. எனவே பாக்கிக் கடிதம் பதிலை வரவழைக்கும் முறையில் அமைய வேண்டும். மார்ச்சு மாதம் 31-ஆம் தேதியன்று உள்ள பாக்கியைக் குறிப்பிட்டு, "இத்தொகை சரியென உறுதி செய்து, கையொப்பமிட்டு, இணைப்பைத் திருப்பி அனுப்பக் கோருகிறோம்" என்று ஆண்டுதோறும் எழுதுக. பதில் வராவிடில், கெடு முடிவதற்கு ஆறு மாதங்கள் முன்னரே வழக்கறிஞரை அணுகுக.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. உத்யம் பதிவு பெற்ற நெசவாளர் சங்கமாயின், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் உதவியை நாடலாம். அதன்படி, ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்கு மேற்பட்ட தவணை செல்லாது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்கள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. பதிவு எண்ணைக் கடிதத் தலைப்பில் அச்சிட்டு வைப்பது நலம்.

நகலும் சான்றும்

கடிதத்துக்கு எண்ணும் தேதியும் இட்டு, நகலைக் கோப்பில் சேர்த்த பின்னரே வெளியே அனுப்புக. பதிவு அஞ்சல் 2025-இல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே முக்கியக் கடிதங்களை விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதை நகலுடன் பிணைத்து வைக்க வேண்டும். மின்னஞ்சலும் கைபேசிச் செய்தியும் விரைவானவை; மின்னணுப் பதிவுகளுக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகாரம் அளித்துள்ளது. ஆயினும் காரியதரிசியின் சொந்தக் கைபேசியில் மட்டும் தங்கும் செய்தி, அவர் மாறியவுடன் சங்கத்துக்குப் பயனற்றதாகிவிடும். அதனை அன்றே அச்சிட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில், "வெளிப்பாக்கிகளுள் எத்தனைக்குக் கையொப்பமிட்ட உறுதிக் கடிதம் உள்ளது?" என்று நிர்வாகக் குழுவினரைக் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கூற இயலாத சங்கம், வரவு செலவுக் கணக்கில் வரவாகக் காட்டும் தொகையில் எவ்வளவு உண்மையில் வரும் என்பதை அறியாத சங்கமேயாகும்.