உனக்கு மட்டும் தனி வெயிலா?

ஆரணி பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். வெயிலுக்கும் பெயர் பெற்ற ஊர். கத்திரி வெயில் நாட்களில் வேலூர், ஆரணி வட்டாரத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது எவருக்கும் புதுமையன்று. அந்த வெயிலிலும் தறி நிற்பதில்லை; பாவும் ஜரிகையும் கொண்டு நெசவாளர் வீடுகளுக்குச் செல்வோரின் பயணமும் நிற்பதில்லை.

அவர்களுள் ஒருவன் என் தம்பி. ஊரெல்லாம் மோட்டார் சைக்கிளுக்கு மாறிய பின்னரும் அவன் மிதிவண்டியை விடவில்லை. தேவிகாபுரம் சென்று நூல் கொடுத்து, முடிந்த சேலையை வாங்கி வருவது அவனுக்குத் தொழில் மட்டுமன்று, இன்பமுமாகும். அத்தகையவன் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் நண்பகலுக்குப் பின் வெளியே செல்லத் தயங்கினான். கால் கனக்கிறது என்றான். கண் மங்குகிறது என்றான். நிழலில் சற்று நேரம் அமர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும். காலையில் நன்றாக இருப்பவன் மதியத்தில் மட்டும் நோயாளியாவது எப்படி என்று நான் ஐயுற்றேன். "வெயில் எல்லாருக்குந்தான் அடிக்குது. உனக்கு மட்டும் தனி வெயிலா?" என்று பலர் முன்னிலையில் கேட்டும் விட்டேன்.

அவன் பதில் பேசவில்லை. அந்தக் கேள்விக்காக வருந்தியே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஏனெனில், அவனுக்கு உண்மையிலேயே தனி வெயில்தான்.

நோயின் பெயர் தெரிந்த நாள்

முதலில் பார்த்த மருத்துவர் உடல் தளர்ச்சி என்று கூறிச் சத்து மருந்து கொடுத்தார். அம்மா கண்ணேறு என்று எண்ணித் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். ஒரு நாள் தேவிகாபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டு வாசலில் வண்டியோடு சாய்ந்துவிட்டான். அவ்வீட்டார் அவனைத் திண்ணையில் அமர்த்தி, பானைத் தண்ணீரில் துண்டை நனைத்து, "பாய், முதல்ல இதைக் கழுத்துல போடுங்க" என்று சுற்றிவிட்டனர். அரைமணி நேரத்தில் பார்வை தெளிந்தது. நோயின் பெயரறியாத அந்த நல்லவர்கள் செய்ததே சரியான முதலுதவி என்பதைப் பின்னர் வேலூரில் நரம்பியல் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தபின் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்றார் அவர். சுருக்கமாக எம்.எஸ். என்பர்.

மின்கம்பியின் மேல் உறை இருப்பதுபோல் நம் நரம்பு இழைகளின் மேலும் மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் வழிதவறி, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள அவ்வுறையைத் தாக்குவதே இந்நோய். உறை சிதைந்த நரம்பில் செய்தி தட்டுத்தடுமாறியே செல்லும். உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே சிலருக்கு அச்செய்தி வழியிலேயே நின்றுவிடும். கண் நரம்பில் நின்றால் பார்வை மங்கும். காலுக்குச் செல்லும் நரம்பில் நின்றால் கால் துவளும். உடல் குளிர்ந்ததும் செய்தி மீண்டும் ஓடும்.

உடலுழைப்பால் நோயாளியின் பார்வை இவ்வாறு மங்குவதை 1890-ஆம் ஆண்டிலேயே வில்ஹெல்ம் ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் எழுதி வைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. எம்.ஆர்.ஐ. வராத காலத்தில், ஐயத்திற்குரிய நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி, குறிகள் தோன்றுகின்றனவா என்று பார்த்தே நோயை உறுதி செய்தனர். நூறாண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அறிந்திருந்த ஒன்றைத்தான் நான் சோம்பல் என்று பெயரிட்டு அழைத்தேன்.

வெயில் தாங்காத பிறர்

எம்.எஸ். நம் நாட்டில் அதிகம் காணப்படும் நோயன்று. ஆனால் வெயிலைத் தாங்க இயலாத உடல்கள் நம் வீடுகளில் ஏராளம். நீண்ட நாள் நீரிழிவால் நரம்பு பழுதானவர்களுக்கு வியர்வை சரிவரச் சுரப்பதில்லை. இதய நோயாளியின் இதயம், உடலைக் குளிர்விக்கத் தோலுக்குக் கூடுதல் இரத்தம் அனுப்பத் திணறுகிறது. தைராய்டு மிகையாகச் சுரப்பவர்கள் இயல்பாகவே வெப்பம் பொறுக்கமாட்டார்கள். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சிறுநீர் பெருக்கி மாத்திரைகள், மனநோய்க்கும் நடுக்குவாதத்திற்கும் தரப்படும் சில மருந்துகள் ஆகியனவும் வெயில் தாங்கும் ஆற்றலைக் குறைக்கும். அதற்காக மருந்தை நாமாகவே நிறுத்துவது பெரும் தவறு. கோடைக்கு முன்னர் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வதே முறை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எம்.எஸ். நோய் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்குகிறது. அடுப்படி வெப்பத்தில் நிற்க முடியாமல் சுவரில் சாயும் மருமகளை 'வேலைக்கு வளையாதவள்' என்று பேசும் முன், அவளுக்குக் கண் மங்குகிறதா, கால் மரக்கிறதா என்று அன்புடன் கேளுங்கள்.

வண்டியை விட்ட ஓராண்டு

நோயின் பெயர் தெரிந்ததும் நாங்கள் வேறொரு தவறு செய்தோம். அத்தா வண்டியைப் பூட்டி வைத்துவிட்டார். தம்பி கடையில் ஓராண்டு உட்கார்ந்திருந்தான். கால் மெலிந்தது, பேச்சும் குறைந்தது. மறுமுறை வேலூர் சென்றபோது மருத்துவர் எங்களைக் கடிந்துகொண்டார். எம்.எஸ். நோயாளி உடற்பயிற்சி செய்யலாகாது என்பது பழைய கருத்து. அளவான பயிற்சி வலிமையையும் நடையையும் மனத்தையும் காக்கும் என்பதே இன்றைய தெளிவு. வெப்பத்தால் குறிகள் தோன்றுவது அச்சமூட்டினாலும், அதனால் நரம்பில் புதிய சிதைவு ஏற்படுவதில்லை. "வண்டியை விட வேண்டாம், வெயிலை விடுங்கள்" என்றார். அன்று முதல் நாங்கள் கற்றவற்றைக் கீழே தருகிறேன்.

நேரமே முதல் மருந்து

நாளின் மிகக் குளிர்ந்த வேளை சூரியன் உதிக்கும் பொழுதை ஒட்டியது. மாலை நேரம் அவ்வளவு நன்றன்று. வெயில் சாய்ந்தாலும் தார்ச்சாலையும் பாறையும் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும். ஆதலின் தம்பி பஜ்ருத் தொழுதவுடன் புறப்பட்டு, கோடையில் 8 மணிக்குள் திரும்பிவிடுகிறான்.

புறப்படுமுன் குளிர்தல்

நடக்கும்போதும் மிதிக்கும்போதும் தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. எனவே குளிர்ந்த உடலோடு புறப்பட்டால், தொல்லை தரும் எல்லையை எட்டக் கூடுதல் நேரமாகும். இடுப்பு வரை குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் அமர்ந்தபின் பயிற்சி செய்த எம்.எஸ். நோயாளிகள் எளிதில் களைப்படையவில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தொட்டி இல்லாதவர் கிணற்று நீரில் நிதானமாகக் குளிக்கலாம். கால்களை வாளி நீரில் வைத்திருக்கலாம். நீரைச் சிறிது சிறிதாகக் குளிரச் செய்க. திடீரெனக் கடுங்குளிர் பட்டால் சிலருக்குத் தசை இறுகும்.

ஈரத்துணியும் நீரும்

மண்பானை நீரைக் குளிர வைப்பது எதுவோ, அதுவே ஈரத்துணியின் தத்துவமும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நனைத்த பருத்தித் துண்டைக் கழுத்தில் சுற்றுவதும், தலைக்குக் கட்டுவதும், சட்டையையே நனைத்து அணிவதும் ஆரணி போன்ற உள்நாட்டு ஊர்களின் வறண்ட கோடையில் சிறந்த பயன் தரும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் பயன் குறையும். அங்கே துணியில் சுற்றிய பனிக்கட்டி உதவும். ஆனால் உணர்ச்சி மரத்த தோலில் பனிக்கட்டியை நேரே வைக்கலாகாது; தோல் கெடுவதே தெரியாது.

எம்.எஸ். நோயாளிகள் பலருக்குச் சிறுநீரை அடக்க இயலாது. அதற்கஞ்சி அவர்கள் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். வெயிலில் இது ஆபத்து. இடையிடையே குளிர்ந்த நீரை மிடறு மிடறாகப் பருகுவது, வெப்பம் தாங்காத எம்.எஸ். நோயாளிகளைக் கூடுதல் நேரம் உழைக்கச் செய்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2018-இல் எழுதியுள்ளனர். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் நீரின் அளவையும் மோரில் இடும் உப்பையும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மிதிவண்டியும் மலைநடையும்

மிதிவண்டி தானே காற்றை உண்டாக்குகிறது. அதனால் நடப்பதைவிடக் குளிர்ச்சி. ஆனால் மேட்டில் ஏறும்போது வேகம் குறைந்து காற்றும் குறையும், உழைப்போ கூடும். மேட்டில் இறங்கித் தள்ளிச் செல்வதில் இழிவில்லை. புளிய மர நிழல் எங்கெங்கே உண்டு என்று முன்பே குறித்துக்கொண்டு, களைக்கும் முன்னரே நிற்க வேண்டும். கண் மங்கத் தொடங்கினால் அக்கணமே இறங்க வேண்டும். நெடுஞ்சாலையைத் தவிர்ப்பது நல்லது.

மலையேற விரும்புவோருக்கு நமக்கு அருகே ஜவ்வாது மலை இருக்கிறது. பொதுவாக 1000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் 6 டிகிரி அளவு குறையும். குளிர் மாதங்களில், துணையோடு, கையில் தடியோடு செல்க. வலிமையில் பாதியைத் திரும்பி வருவதற்கென்று வைத்திருக்க வேண்டும். களைத்த கால் தடுக்குவது பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

நம் பெண்களின் உடை

கறுப்புப் பர்தா வெயிலில் சுடுமே என்று கேட்பர். பாலைவனத்து பதூயின் மக்களின் கறுப்பு அங்கியை ஆராய்ந்து 1980-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு, தளர்ந்த அங்கி கறுப்பாயினும் வெள்ளையாயினும் உடலை அடையும் வெப்பம் ஒன்றே எனக் கண்டது. துணிக்கும் உடலுக்கும் இடையே காற்று ஓடுவதே காரணம். ஆகவே நிறத்தைவிடத் தளர்ச்சியே முக்கியம். உடலோடு ஒட்டும் செயற்கை இழைத் துணியைத் தவிர்த்துத் தளர்ந்த பருத்தியை அணியலாம்.

மார்க்கம் தந்த இலேசு

கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையை வெப்பம் தணியும்வரை சற்றுப் பிற்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உண்டு. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பதையும் நாம் அறிவோம். இச்சலுகைகளைப் பயன்படுத்துபவரைக் குறைவாக எண்ண நமக்கு உரிமையில்லை.

2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியை எட்டியது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். முதியோரும் நாட்பட்ட நோயாளிகளும் இறந்தோரில் இருந்தனர். ஹஜ்ஜுக்குச் செல்ல நாடுவோர் பணத்தோடு உடலையும் ஆயத்தம் செய்ய வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் ஓடுவது?

வெப்பத்தால் வந்த குறிகள் குளிர்ந்ததும் தணிய வேண்டும். ஒரு நாள் கடந்தும் தணியாவிடில் அது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம்; காய்ச்சலோ தொற்றோ மறைந்திருக்கவும் கூடும். வெயிலில் ஒருவர் பிதற்றினாலோ, நினைவிழந்தாலோ அது வெப்ப வாதம். நோயாளியாயினும் நலமுள்ளவராயினும் உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவற்றவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

எம்.எஸ். நோயாளிகளுக்கென 1985 முதல் நம் நாட்டில் ஒரு சங்கம் இயங்கி வருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கூறப்பட்ட 21 வகைகளுள் இந்நோயும் ஒன்று. சான்றிதழ் கேட்பது பிச்சையன்று, உரிமை.

ஆரணி நெசவாளர்கள் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். வெயில் பட்ட இழை அறும் என்பதை அவர்கள் அறிவார்கள். அதற்காக இழையை எவரும் ஏசுவதில்லை. என் தம்பியும் இப்போது அந்த வேளையில்தான் கழுத்தில் ஈரத்துண்டோடு அவர்களைக் கடந்து மிதித்துச் செல்கிறான். அல்ஹம்து லில்லாஹ்! சில நாட்களில் பின்னால் இன்னொரு வண்டியில் நானும் செல்கிறேன். அவன் நிழலில் நிற்கும்போது நானும் நிற்கிறேன்; ஏன் நின்றாய் என்று கேட்பதில்லை.