அழும் குழந்தை, காத்திருக்கும் ஸ்கேன்

ஏழெட்டு மாதக் குழந்தை திடீரென்று வீறிட்டு அழுகிறது. கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்கிறது. சில நிமிடங்களில் அழுகை ஓய்கிறது; கால் மணி நேரத்தில் மறுபடியும் வீறிடல். உரம் விழுந்திருக்கும் என்கிறார் பாட்டி. கிரைப் வாட்டர் புகட்டுகிறார் அம்மா. வாந்தி தொடங்குகிறது. மலத்தில் ரத்தமும் சளியும் தெரிந்ததும் சீதபேதிக்கு மருந்து தரப்படுகிறது. விலைமதிப்பற்ற நேரம் இப்படித்தான் வீணாகிறது.

உள்ளே நடந்திருப்பது வேறாக இருக்கலாம். மடக்குக் குடையின் காம்பு ஒன்றுக்குள் ஒன்று இறங்குவதுபோல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடும். இதற்குக் குடல் செருகல் என்று பெயர். டாக்டர்கள் இண்டஸ்ஸஸெப்ஷன் என்பார்கள். பெரும்பாலும் சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தில் இது நேர்கிறது. அதிகம் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள். சிக்கிய பகுதிக்கு ரத்த ஓட்டம் தடைப்படும். தாமதித்தால் குடல் அழுகி ஓட்டை விழும், உயிருக்கே ஆபத்து.

விட்டுவிட்டு வரும் அழுகை, ரத்தம் கலந்த மலம், வயிற்றில் கையில் தட்டுப்படும் கட்டி - இவை மூன்றும் எல்லாக் குழந்தைகளிடமும் ஒருசேரத் தெரிவதில்லை. ரத்தம் பெரும்பாலும் தாமதமாகவே தலைகாட்டும். எக்ஸ்ரேயும் சில சமயம் ஏமாற்றிவிடும்.

இங்குதான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கைகொடுக்கிறது. செருகிய குடல் திரையில் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். அனுபவமுள்ளவர் பார்த்தால் அநேகமாகத் தப்பாது. கதிர்வீச்சு கிடையாது, மயக்க மருந்தும் தேவையில்லை.

சிகிச்சைக்கும் இதே திரை உதவுகிறது. ஆசனவாய் வழியாக உப்புநீரை மெல்லச் செலுத்தினால், நுழைந்த குடல் பின்வாங்குவதை ஸ்கேனிலேயே பார்க்கலாம். காற்றைச் செலுத்தும் முறையும் உண்டு. சீக்கிரம் வந்துவிட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கத்தி வைக்க வேண்டியிருக்காது. குடல் ஓட்டையாகிவிட்டால் ஆபரேஷன்தான். சரியான பிறகும் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்கு மறுபடி வரலாம்.

ஆனால், இந்த இயந்திரத்தை நினைத்த இடத்தில் பயன்படுத்த முடியாது. பெண் கருக்கள் அழிக்கப்படுவதைத் தடுக்க 1994ல் இயற்றப்பட்டு, 2003ல் கடுமையாக்கப்பட்ட சட்டப்படி, பதிவு பெற்ற இடத்தில் தகுதியுள்ள டாக்டரே ஸ்கேன் செய்யலாம். அவர் இரவில் இல்லாத ஊரில், விடியும்வரை காத்திருப்பது குழந்தைக்கு ஆபத்தாகலாம். ஸ்கேன் வசதியும் குழந்தை அறுவை மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புவதே நல்லது.

விட்டுவிட்டு அழும் குழந்தை இடையில் துவண்டு கிடந்தாலோ, வாந்தி பச்சையாக வந்தாலோ ரத்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. "ஸ்கேன் பார்க்கலாமா, டாக்டர்?" என்று பெற்றோரே கேட்கலாம். அதில் தவறில்லை.